சொன்ன நாள்ல வர்ற லாடக்காரர் தான் வேணும்

குதிரை வச்சிருக்கிறவங்க நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில லாடம் அடிக்கிறவர்கிட்ட தான் வந்து நிக்கும். தீவனத்துக்கு வழி இருக்கு, டாக்டருக்கு ஃபோன் போட்டா இன்னைக்கு இல்லனா நாளைக்கு வந்துடுவாரு, சேணம் பிஞ்சு போனா தைக்க ஆள் இருக்கு, ஆனா லாடத்துக்குனு கேட்டா மட்டும் எல்லாரும் ஒரே பதில் தான் சொல்றாங்க, "ஒருத்தர் இருக்காரு, வேலை அருமையா இருக்கும், ஆனா ஆளைப் பிடிக்க முடியாது."

இதுல அலைஞ்சு அலைஞ்சு எனக்குனு ஒரு முடிவு வந்திருக்கு. நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க, இருந்தாலும் சொல்றேன். அபாரமான கைத்திறன் இருந்தும் எப்ப வருவாருனே தெரியாத ஆளை விட, காலைக் கெடுக்காத அளவுக்கு ஒழுங்கா வேலை தெரிஞ்சு, சொன்ன நாள்ல வந்து நிக்கிற ஆள் தான் குதிரைக்கு நல்லது. இதை நம்ம வசதிக்காக சொல்லல, குளம்பு வளர்ற விதமே அப்படி.

குளம்பு நம்ம நகம் மாதிரி, அதே கெரட்டின்ங்கிற புரதம் தான், நிக்காம வளர்ந்துகிட்டே இருக்கும். மாசத்துக்கு சுமார் 6-லேர்ந்து 10 மில்லிமீட்டர், வெயில் காலத்துல கொஞ்சம் வேகமா, குளிர்ல மெதுவா. மேல முடி முடியற இடத்துல இருந்து முன் நுனி தரையைத் தொடுற வரைக்கும் ஒரு தடவை முழுசா வளர்ந்து இறங்க 9-லேர்ந்து 12 மாசம் ஆகும். அதாவது இன்னைக்கு ஒருத்தர் மேல வரைக்கும் வெடிப்பு விழற மாதிரி பண்ணிட்டு போனா அது வளர்ந்து கீழ இறங்கி வெட்டி எறியற வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் நாம அதோட தான் இருக்கணும். லாடம் இல்லாத கால் நடக்க நடக்க கொஞ்சமாவது தேயும், லாடம் அடிச்ச காலுக்கு அந்தத் தேய்மானம் ரொம்பக் குறைவு, வளர்றது கிட்டத்தட்ட மொத்தமும் அப்படியே சேரும். அதனால தான் லாடம் அடிச்ச குதிரைக்கு 5, 6 வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி, சீவி, திரும்ப அடிக்கணும்னு சொல்றாங்க, வெறுங்காலோட இருக்கிறதுக்கு 6-லேர்ந்து 8 வாரம் வரைக்கும் போகலாம், அதுவும் குதிரையைப் பொறுத்து.

இன்னொரு விஷயம், குளம்பு நேரா கீழ வளராது, சாய்வா முன்பக்கம் பார்த்து வளரும். அப்ப லாடமும் காலோட சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி போகுது. அடிச்ச அன்னைக்கு குதிகால் பக்கம் சரியா உட்கார்ந்திருந்த லாடத்தோட முனை, தேதி தள்ளத் தள்ள உள்பக்கமா வந்து அழுத்த ஆரம்பிக்கும், அந்த மூலையில ரத்தம் கட்டும், சிவப்பா ஒரு கறை தெரியும். அதோட முன் நுனி நீளும், குதிகால் தாழ்ந்து போகும். அளந்து பார்த்த ஆய்வுகள்ல 8 வாரத்துக்குள்ள குளம்போட கோணம் சுமார் 3 டிகிரி வரைக்கும் குறைஞ்சிருக்கு. 3 டிகிரி தானேனு தோணும். ஆனா கால் தரையை விட்டு எழும்போது முன் நுனி தான் கடைசியா கிளம்பணும், அது நீளமா இருந்தா ஒவ்வொரு எட்டுலயும் பின்னாடி ஓடற ஆழமான தசைநாரும் அது வளைஞ்சு போற, குளம்புக்குள்ள இருக்கிற நாவிகுலர்ங்கிற சின்ன எலும்பும் கூடுதல் இழுவையைத் தாங்கணும். குதிரையோட உடம்பு எடையில சுமார் 60 சதவீதம் முன்னங்கால் ரெண்டுல தான் இருக்கு. ஒரு நாள்ல அது எத்தனை ஆயிரம் எட்டு வைக்கும்னு யோசிச்சு பாருங்க. லேட்டா வந்தா என்ன, வந்து நல்லா பண்ணிட்டா சரியாகிடும்னு சொல்றவங்களுக்கு என் பதில் இது தான், அந்த இடைப்பட்ட வாரங்கள்ல இழுத்த இழுவையை எந்தக் கைத்திறனும் திருப்பி வாங்க முடியாது.

எங்க பெண் குதிரை செவலை விஷயத்துல இது கண்ணுக்கே தெரியும். நாள் தள்ளிப் போக ஆரம்பிச்சா முதல்ல சத்தம் மாறும், கெட்டித் தரையில நடக்கும்போது ஒரு கால் மட்டும் லொடலொடனு கேக்கும். அப்புறம் குளம்புக்கு வெளியில மடக்கி தட்டி விட்ட ஆணி நுனிகள் தடவிப் பார்த்தா எழும்பி நிக்கும், கையில கீறும். அடுத்து சின்னச் சின்ன தடுக்கல். அப்புறம் ஒரு நாள் பின்னங்கால் முன்னங்கால் லாடத்தை மிதிச்சு லாடம் சுவரோட ஒரு துண்டையும் பிச்சுகிட்டு வந்துடும், இனிமே ஆணி அடிக்க அந்த இடத்துல சுவரே இல்லங்கிற நிலைமை. இது எல்லாமே ஒருத்தர் ஃபோன் எடுக்காததுனால நடக்குது.

ரொம்ப நாளா எங்களுக்கு வந்துகிட்டிருந்தவர் அப்படிப்பட்ட ஆள் தான். அவர் வேலையைப் பத்தி ஒரு குறை சொல்ல மனசு வராது. வந்த உடனே கருவிப்பையைத் திறக்க மாட்டாரு, முதல்ல செவலையை நடக்கச் சொல்லி தூரமா நின்னு பார்ப்பாரு, நேரா வரச் சொல்லுவாரு, திரும்பிப் போகச் சொல்லுவாரு, கால் எந்தப் பக்கம் முதல்ல தரையைத் தொடுதுனு குனிஞ்சு பார்ப்பாரு. பழைய லாடத்தைக் கழட்டினதும் அதைக் கையில வச்சுகிட்டு எந்த ஓரம் அதிகமா தேய்ஞ்சிருக்குனு பார்த்துட்டு தான் அரத்தையே எடுப்பாரு. அவர் அடிச்சுட்டுப் போன அன்னைக்கு செவலை நடக்கிற நடையே வேற. அந்த நடையைப் பார்த்ததுனால தான் அவரை விட முடியாம அவ்வளவு காலம் காத்திருந்தோம்.

ஆனா வர்றது? "நாளைக்கு காலையில வந்துடறேன் சார்" அப்படிம்பாரு. காலையில குதிரையை மேய விடாம, கால் கழுவி துடைச்சு, நிழல்ல கட்டி வச்சு, வேலைக்கு லீவு சொல்லிட்டு உட்கார்ந்திருப்போம். மத்தியானம் ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டாரு. சாயங்காலம் ஸ்விட்ச் ஆஃப். ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டு, வேற ஒரு இடத்துல மாட்டிகிட்டேன் சார், இந்த வாரம் கண்டிப்பா, அப்படினு சொல்லுவாரு, அந்தக் குரலைக் கேட்டா கோபமும் வராது. அப்படியே தள்ளித் தள்ளி ஒரு தடவை ரெண்டு மாசம் தாண்டிப் போச்சு, செவலை இடது முன்னங்காலை ஊன யோசிக்க ஆரம்பிச்சா, டாக்டர் வந்து லாடத்தைக் கழட்டிப் பார்த்தா குதிகால் மூலையில நல்லா ரத்தம் கட்டியிருந்துச்சு. லாடம் அடிச்ச விதத்துல ஒரு தப்பும் இல்ல, இருக்க வேண்டிய நாளைத் தாண்டி இருந்துச்சு, அவ்வளவு தான் அப்படினு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு தான் எனக்கு இந்த விஷயம் தெளிவாச்சு.

அதுக்கப்புறம் தேடல். வர்றவங்க கிடைச்சாங்க. ஒருத்தர் சொன்னா சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து நிப்பாரு, நாலு காலும் படபடனு முடிச்சுட்டு அடுத்த இடத்துக்கு கிளம்பிடுவாரு. பார்க்க பளபளனு இருக்கும். ஏன் பளபளனு இருக்குனா குளம்போட வெளிச்சுவர் மேல அரத்தைப் போட்டு முழுசா தேய்ச்சு மழமழனு ஆக்கியிருப்பாரு. அந்த வெளிப்பக்கம் தான் கெட்டியான பகுதி, அதைத் தேய்ச்சு எடுத்தா சுவர் மெலிஞ்சு ஆணி பிடிக்க வலு குறையுது. அதை விட பெரிய குறை, காலுக்கு ஏத்த மாதிரி லாடத்தைத் தட்டி வளைக்காம, கையில இருந்த லாடத்துக்கு ஏத்த மாதிரி காலை அரத்தால ராவி விட்டுடுவாரு. முன்னங்கால் குளம்பு கொஞ்சம் வட்டமா இருக்கும், பின்னங்கால் கூர்ப்பா இருக்கும், ஒவ்வொரு குதிரைக்கும் இடது வலது கூட ஒண்ணா இருக்காது, இதெல்லாம் தெரிஞ்சவர் தான், நேரம் தான் கொடுக்க மாட்டாரு. அடிப்பாகத்தையும் ரொம்ப ஆழமா சீவிடுவாரு, நடுவுல முக்கோணமா மெத்துனு இருக்கிற ஃப்ராக்கையும் அழகுக்காக செதுக்கி விட்டுடுவாரு. அந்த ஃப்ராக்கும் அதுக்கு மேல இருக்கிற திசுவும் சேர்ந்து தான் கால் தரையில படும்போது அதிர்ச்சியை வாங்குது. அழுகின துணுக்கையும் தொங்கிகிட்டிருக்கிற துண்டையும் எடுக்கலாம், நல்லா இருக்கிறதை எதுக்கு எடுக்கணும்?

அவர்கிட்ட தான் ஆணி விஷயம் நடந்துச்சு. இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா புதுசா குதிரை வாங்கினவங்க நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஒரு லாடத்துக்கு பொதுவா 6-லேர்ந்து 8 ஆணி. அடியில பார்த்தா சுவரும் அடிப்பாகமும் சேர்ற இடத்துல வெளிறின ஒரு கோடு ஓடும், அந்தக் கோட்டுலயோ அதுக்குக் கொஞ்சம் வெளியிலயோ ஆணி இறங்கணும், உணர்ச்சியில்லாத சுவருக்குள்ளயே போய் சுமார் மூணுல ஒரு பங்கு உயரத்துல வெளிய வரணும், வந்த நுனியை முறிச்சு மடக்கிடுவாங்க. குதிரை ஆணியோட நுனி ஒரு பக்கம் சரிவா இருக்கும், அந்தச் சரிவு தான் ஆணியை வெளிப்பக்கமா வளைஞ்சு வர வைக்குது. திருப்பிப் பிடிச்சு அடிச்சா நேரா உயிருள்ள சதைக்குள்ள போகும். அது தவிர கால்ல ரொம்ப அகலமான இடம் எதுவோ அதுக்குப் பின்னாடி ஆணி அடிக்காம இருக்கிறது நல்லது, ஏன்னா கால் ஊனும்போது குதிகால் பக்கம் லேசா விரியும், அங்க ஆணி இருந்தா அந்த விரிவு தடைபடும். அனுபவசாலிங்க சுத்தியல் சத்தத்தை வச்சே ஆணி எங்க போகுதுனு சொல்லிடுவாங்க, கெட்டியான சுவருக்குள்ள இறங்க இறங்க சத்தம் மாறும்.

ஆணி சதையைக் குத்தினா குதிரை உடனே காலை உதறும், எடுத்துட்டா ரத்தம் தெரியும், அப்பவே மருந்து போட்டு டெட்டனஸ் ஊசி விஷயத்தையும் பார்த்துடலாம். குத்தாம ரொம்ப பக்கத்துல போய் சதையை அழுத்திகிட்டு நிக்கிறது தான் ஏமாத்தும், அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு நொண்டும். செவலைக்கு நடந்தது அது தான். குளம்பு தொட்டா சூடு, கணுக்கால் பக்கவாட்டுல விரல் வச்சா நாடி திம்திம்னு அடிக்குது. அவருக்கு ஃபோன் போட்டோம், எடுத்தாரு, எடுத்து "புது லாடம்ல, நாலு நாள்ல செட் ஆயிடும்" அப்படினு வச்சுட்டாரு. நாலு நாள் விட்டா உள்ள சீழ் பிடிச்சிருக்கும். டாக்டர் வந்து குறடால ஒவ்வொரு ஆணிப் பக்கமா அழுத்திப் பார்த்து எந்த ஆணினு கண்டுபிடிச்சு அதை மட்டும் உருவினாரு, மறுநாளே நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது. ஆணி பக்கத்துல போறது திறமையான ஆளுக்கும் எப்பவாவது நடக்கக்கூடியது தான், சுவர் மெலிசா இருக்கிற குதிரைக்கு நடக்கத் தான் செய்யும், அதுக்காக மட்டும் நான் யாரையும் வேண்டாம்னு அனுப்ப மாட்டேன். ஆனா குதிரை நொண்டுதுனு ஃபோன் பண்ணினா வந்து பார்க்கணும். நம்பிக்கைனா நேரத்துக்கு வர்றது மட்டும் இல்ல, பிரச்சனை வந்த மறுநாளும் வர்றது.

இன்னொருத்தர் அரத்தோட பின்பக்கத்தால செவலையோட வயித்துல அடிச்சாரு. பின்னங்காலை இழுத்தானு. அப்பவே நிறுத்தி அனுப்பிட்டேன், ஒரு கால் பாதியில நின்னுச்சு, பரவாயில்ல. அதுக்கப்புறம் பல மாசம் அரம் சத்தம் கேட்டாலே அவ உடம்பு விறைக்கும். அதுல இருந்து அவளை வெளிய கொண்டு வர்றதுக்கு தினமும் காலைத் தொட்டு, கொஞ்சம் தூக்கி, அவ இழுக்கிறதுக்கு முன்னாடியே நாமளே மெதுவா இறக்கி வச்சு, தட்டிக் கொடுத்து, அப்படித் தான் சரி பண்ணினோம். குதிரையை அடிக்கிற ஆள் எவ்வளவு நேரத்துக்கு வந்தாலும் எங்க வாசலுக்கு வேண்டாம்.

சரி, ஏன் இவ்வளவு கஷ்டம்? இதுல லாடக்காரங்க பக்கமும் பார்க்கணும், பார்த்தா தான் வழி கிடைக்கும். இந்த வேலையைப் பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒரு காலுக்கு எத்தனை தடவை குனிஞ்சு நிமிரணும்னு. முன்னங்காலை ரெண்டு தொடைக்கு நடுவுல இடுக்கிகிட்டு முதுகை வளைச்சு, மேல ஒரு நானூறு ஐநூறு கிலோ மிருகம் சாயுது, ஈ கடிச்சா உதறுது, ஆணி நுனி இன்னும் மடக்காம வெளிய இருக்கும்போது காலை இழுத்தா தொடையைக் கிழிச்சுடும். முதுகு, முட்டி, மணிக்கட்டு எல்லாம் சீக்கிரமே தேயுது. நல்ல ஆளுங்க நடுவயசுலயே வேலையைக் குறைச்சுக்கிறாங்க, அவங்க பசங்க இதுக்கு வர்றதில்ல, வரச் சொல்லி நாம எப்படி வற்புறுத்த முடியும்? அதோட கத்துக்க வருஷக் கணக்காகும். பிரிட்டன்ல 1975-ல சட்டமே போட்டிருக்காங்க, பதிவு செஞ்ச லாடக்காரர் தான் லாடம் அடிக்கலாம், சொந்தக் குதிரையா இருந்தாலும் பதிவு இல்லாதவங்க அடிக்கக் கூடாது, அந்தப் பதிவுக்கு ஒரு ஆசான்கிட்ட சுமார் 4 வருஷம் தொழில் பழகணும். அமெரிக்காவுல அப்படிச் சட்டம் கிடையாது, அங்க 1971-ல ஆரம்பிச்ச அமெரிக்கன் ஃபேரியர்ஸ் அசோசியேஷன்ங்கிற லாடக்காரங்க சங்கம் தேர்வு வச்சு சான்றிதழ் கொடுக்குது, எடுக்கறதும் எடுக்காததும் அவங்கவங்க விருப்பம். சட்டம் இருக்கிற இடத்துலயாவது வர்றவருக்கு அடிப்படை தெரியும்னு ஒரு உறுதி இருக்கு, சட்டம் இல்லாத இடத்துல அரமும் சுத்தியும் வாங்கின யாரும் நானும் லாடக்காரன்னு சொல்லிக்கலாம், நமக்கு எப்படித் தெரியும்? சட்டம் இருக்கணும்ங்கிறது தான் என் பக்கம்.

அப்புறம் தூரம். ஒரே ஒரு குதிரைக்காக ஒருத்தர் நெடுந்தூரம் வந்து திரும்பணும்னா அவருக்குக் கட்டுப்படியாகாது. பந்தயக் குதிரை லாயம், ரைடிங் ஸ்கூல் மாதிரி இடங்கள்ல ஒரே நாள்ல பத்து குதிரை கிடைக்கும். அவர் அங்க தான் போவாரு, அதுல நியாயம் இருக்கு. நம்ம ஒத்தைக் குதிரை எப்பவும் "முடிஞ்சா வரேன்" லிஸ்ட்ல தான் இருக்கும்.

குதிரையோட காலைப் பத்தின கவலை ஒண்ணும் புதுசு இல்ல. சுமார் 2,350 வருஷத்துக்கு முன்னாடியே கிரேக்கத்துல செனபோன்ங்கிற எழுத்தாளர் குதிரை வாங்கறவங்களுக்கு எழுதி வச்சது, முதல்ல காலைப் பாரு, அதுலயும் குளம்பைப் பாருனு தான். அவர் காலத்துல ஆணி அடிக்கிற லாடமே கிடையாது, கல் பரப்பின தரையில நிக்க வச்சு குளம்பைக் கெட்டிப்படுத்தச் சொன்னாரு.

புது ஆள் வந்தா இப்ப நான் எதைப் பார்க்கிறேன்னு கேக்கறவங்களுக்கு: நடக்க வச்சுப் பார்க்கிறாரா இல்லையா, அது முதல். லாடம் அடிச்சு முடிச்சதுக்கு அப்புறமும் ஒரு தடவை நடக்க வச்சுப் பார்த்தா இன்னும் நல்லது. பக்கவாட்டுல நின்னு பார்த்தா குளம்போட முன்சுவரும் அதுக்கு மேல இருக்கிற சாய்வான எலும்பும் ஒரே கோட்டுல போகுதா, அது உடைஞ்சு தெரிஞ்சா ஏன்னு கேளுங்க, நல்ல ஆளுன்னா கோபப்படாம பதில் சொல்லுவாரு, உடனே நேராக்க முடியாது, ரெண்டு மூணு தடவையில கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வரணும்னு சொல்லுவாரு, அது சரியான பதில். ஒரே நாள்ல வெட்டி நேராக்கிடறேன்னு சொல்றவரைப் பார்த்தா எனக்குப் பயம். லாடத்தோட முனை குதிகாலுக்குப் பின்னாடி தாங்கற மாதிரி போதுமான நீளம் இருக்கானு பாருங்க, குட்டையான லாடம் போட்டா அவ்வளவு சுலபமா கழண்டு விழாதுதான், ஆனா குதிகாலுக்குத் தாங்கல் இருக்காது. டாக்டர் எடுத்த எக்ஸ்ரேவைக் காட்டினா வாங்கிப் பார்க்கிறாரா, இல்ல "எனக்கு இதெல்லாம் தேவையில்ல" அப்படிங்கறாரா? லேமினைட்டிஸ், அதாவது குளம்புச் சுவரையும் உள் எலும்பையும் பிடிச்சு வைக்கிற திசு வீங்கிப் போற நோய் வந்த குதிரைக்கு உள்ள இருக்கிற எலும்பு எவ்வளவு திரும்பியிருக்குனு வெளிய இருந்து பார்த்து யாராலயும் துல்லியமா சொல்ல முடியாது, அங்க டாக்டரும் லாடக்காரரும் சேர்ந்து தான் வேலை பார்க்கணும்.

சூடா அடிக்கிறாரா குளிர்ந்த லாடமா அடிக்கிறாராங்கிறதுல நான் பெருசா பிடிவாதம் பிடிக்கிறதில்ல. சூடு வச்சா லாடம் நல்லா படிஞ்சு உட்காரும், புகையும் நாத்தமும் வரும், ஆனா அந்தக் கெட்டிப் பகுதியில உணர்ச்சி கிடையாது, அளவா வச்சா குதிரைக்கு வலிக்காது. குளிர்ந்த லாடத்தையும் பொறுமையா தட்டி சரியா அமைக்கிறவங்க இருக்காங்க. எது பண்ணினாலும் அளவு பொருந்துதாங்கிறது தான் கேள்வி.

நம்ம பக்கத்துல செய்ய வேண்டியது தான் நிறைய பேர் பேசாத விஷயம். ஒரு நல்ல ஆள் கிடைச்சா அவர் திரும்பி வரணும்னு நினைக்கிற மாதிரி இடம் இருக்கணும். சமமான, வழுக்காத, காய்ஞ்ச தரை, நிழல், வெளிச்சம், பக்கத்துல நாய் இல்லாம, குழந்தைங்க ஓடாம. கால் சேறு இல்லாம கழுவித் துடைச்சிருக்கணும். குதிரையை மேய்ச்சல்ல இருந்து அவர் வந்தப்புறம் பிடிக்கப் போகக் கூடாது. காசு அன்னைக்கே, வேலை முடிஞ்ச உடனே. எல்லாத்துக்கும் மேல குதிரை நிக்கப் பழகியிருக்கணும், அது நம்ம வேலை, லாடக்காரர் வேலை இல்ல. தினமும் நாலு காலையும் தூக்கி சுத்தம் பண்ணினாலே பாதிப் பழக்கம் வந்துடும். வயசான குதிரை, மூட்டு வலி இருக்கிற குதிரை ரொம்ப நேரம் ஒரு காலைத் தூக்கி வச்சிருக்க முடியாது, அதை முன்கூட்டியே சொல்லி நடுநடுவுல இறக்கி விடச் சொல்லணும், திமிர்னு நினைச்சு அடி வாங்கிற நிறைய குதிரைக்கு உண்மையில வலி தான்.

ஆள் கிடைக்காத வாரங்கள்ல என்ன பண்றது? குளம்புக் கொக்கியால தினமும் அடியைச் சுத்தம் பண்ணுங்க, ஃப்ராக் ஓரத்துப் பள்ளங்கள்ல கறுப்பா நாறினா அது த்ரஷ்ங்கிற அழுகல், ஈரத்துல நிக்கிறதுனால வர்றது, காய்ஞ்ச இடத்துக்கு மாத்துங்க. ஆடிகிட்டிருக்கிற லாடத்தை எப்படிக் கழட்டறதுனு ஒரு நல்ல லாடக்காரர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ நின்னு கத்துக்கங்க, முதல்ல மடக்கின ஆணி நுனிகளை அரத்தால ராவி எடுத்துட்டு, ஆணியை ஒண்ணொண்ணா உருவினா சுவர் பிய்யாது, பாதி கழண்டு முறுக்கிகிட்டிருக்கிற லாடத்தோட குதிரையை விட்டு வைக்கிறது ரொம்ப ஆபத்து, அது மேலயே மிதிச்சு ஆணி அடியில ஏறிடும். வெறுங்கால் குதிரைன்னா ஓரம் பிசிறு விடுறதை அரத்தால லேசா உருட்டி விடலாம். அதோட நிறுத்திக்கங்க. வீடியோ பார்த்துட்டு அடிப்பாகத்தைச் சீவுறது, குதிகாலை இறக்கறது இதெல்லாம் வேண்டாம். எடுத்ததைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

லாடமே வேண்டாம், வெறுங்காலோட விட்டுடலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. எல்லா குதிரைக்கும் லாடம் தேவையில்லங்கிறதை நானும் ஒத்துக்கறேன், மென்மையான தரையில லேசான வேலை பார்க்கிற, நல்ல குளம்பு அமைஞ்ச குதிரை வெறுங்காலோடவே நல்லா இருக்கும், கரடான இடத்துக்குப் போகும்போது மட்டும் ஹூஃப் பூட், அதாவது குளம்புக்குப் போடற ஷூ மாட்டிக்கலாம். ஆனா லாடக்காரர் கிடைக்கலங்கிறதுக்காக லாடத்தை விடறது தப்பான காரணம். வெறுங்காலுக்கும் தேதி தவறாம சீவ ஆள் வேணும், லாடம் கழட்டின முதல் சில மாசம் அதிகமாவே கவனிக்கணும்.

இப்ப எங்களுக்கு வர்ற தம்பி சின்ன வயசு. பழைய ஆளோட கைத்திறன் இவருக்கு இன்னும் வரல, அதை அவரே சொல்றாரு. ஆனா வந்த முதல் நாளே நாலு காலையும் முன்னாடி, பக்கவாட்டு, அடினு ஃபோட்டோ எடுத்துகிட்டாரு, ஒவ்வொரு தடவையும் எடுக்கிறாரு, போன தடவையோட வச்சு எனக்கும் காட்டுறாரு. கிளம்பறதுக்கு முன்னாடியே அடுத்த தேதியைக் கேட்டு ஃபோன்ல போட்டுக்கிறாரு. ஒரு தடவை வண்டி ரிப்பேர் ஆனப்ப காலையிலயே கூப்பிட்டு "அண்ணே, இன்னைக்கு முடியாது, நாளன்னைக்கு ஏழு மணிக்கு வரேன்" அப்படினு சொல்லிட்டு ஏழுக்கு முன்னாடியே வந்துட்டாரு. சந்தேகம் வந்தா அவரோட ஆசானுக்கு ஃபோட்டோ அனுப்பி கேட்டுட்டு தான் கை வைக்கிறாரு, எனக்கு இதுல இருக்கிற மரியாதை சொல்லி முடியாது. செவலையோட குதிகால் இப்ப கொஞ்சம் கொஞ்சமா எழும்பி வருது, இடது காலோட அந்தப் பழைய கறை கீழ இறங்கி சீவி எடுத்தாச்சு, தடுக்கல் நின்னுருக்கு.

அவரைத் தக்க வச்சுக்க ஒண்ணு பண்ணினோம், அது தான் இதுவரைக்கும் ரொம்ப உதவினது. சுத்துவட்டாரத்துல ஒண்ணு ரெண்டு குதிரை வச்சிருக்கிறவங்க எல்லாரையும் பேசிச் சேர்த்து ஒரே நாள்ல தேதி வச்சோம். காலையில எங்க இடத்துல ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டு போறாரு, அவருக்கு ஒரு முழு நாள் வேலை, நமக்கு 6 வாரத்துக்கு ஒரு தடவை நிச்சயமான ஆள். யாராவது ஒருத்தர் கடைசி நேரத்துல வேண்டாம்னு சொன்னா அவருக்கு நஷ்டம், அதனால சொன்ன தேதியில நாங்க யாரும் பின்வாங்கறதில்லனு பேசி வச்சிருக்கோம். உங்க பக்கத்துலயும் இப்படி ரெண்டு மூணு பேர் தனித்தனியா ஃபோன் அடிச்சு காத்துகிட்டு தான் இருப்பாங்க, முதல்ல அவங்களைத் தேடிப் பிடிங்க, லாடக்காரரை அப்புறம் சேர்ந்து கூப்பிடுங்க.